இடம் மாறிக் கிடக்கும் கற்கள்

தால்சேர் என்றதும் இன்று நினைவுக்கு வருவது நிலக்கரி. ஒடிசாவில், பிராமணி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். 1850-களின் நடுவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தன் ஆட்களை அங்கே அனுப்பியதும் நிலக்கரிக்காகத்தான். போனவர்களில் இருவர் அண்ணன் தம்பி: வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு. 1855-இல் துறையில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் இருபதுகளில்தான் வயது.

நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே அவர்கள் கண்டது பச்சை நிறம் பாய்ந்த ஒரு களிப்பாறை. தட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும் அளவுக்கு நைசானது. அந்த நைசான களிக்குள் ஆங்காங்கே பாறாங்கற்கள் பதிந்து கிடந்தன. சில கையில் அடங்குபவை, சில ஒரு ஆளால் புரட்டக்கூட முடியாதவை. பக்கத்தில் இருந்த பாறைகளோடு அவற்றில் பலவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கிருந்தோ வந்தவை.

இந்தக் கற்களை யார் கொண்டுவந்து போட்டது? சகோதரர்கள் சொன்ன பதில் அன்றைக்குப் பலருக்கும் நம்ப முடியாததாக இருந்தது. தண்ணீரில் மிதந்த பனிக்கட்டிதான் சுமந்து வந்தது என்றார்கள். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற ஒடிசாவில் பனிக்கட்டி! ஆனால் அவர்கள் சொன்னதன் சாரம் சரி. சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பனியால் மூடப்பட்டிருந்தது. ஒரு கல் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்ற ஒரே குறிப்பைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடிந்ததே, அதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தத் தர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

வண்டலைப் படிக்கிறவர்களுக்கு ஓடும் தண்ணீர் ஒரு சல்லடை. வேகமாக ஓடும்போது பெரிய கல்லையும் உருட்டும். வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல், அப்புறம் மணல் என்று இறக்கி வைத்துக்கொண்டே போகும். களியை இறக்க வேண்டுமானால் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே நைசான களி படிந்த இடம், ஏரியின் அமைதியான நடுப்பகுதியாகவோ ஆழ்கடலாகவோதான் இருந்திருக்கும். அசையாமல் நின்ற தண்ணீரால் பாறாங்கல்லை நகர்த்த முடியாது. இரண்டும் ஒரே அடுக்கில் சேர்ந்து இருக்கிறதா? அப்படியானால் கல் தரையோடு உருண்டு வரவில்லை, மேலிருந்து விழுந்திருக்கிறது.

விழுந்ததற்குச் சாட்சியும் உண்டு. களி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பாறையை வெட்டிப் பார்த்தால், கல்லுக்குக் கீழே உள்ள அடுக்குகள் தலையணையில் தலை வைத்தது போல் அமுங்கி வளைந்திருக்கும். சிலவேளை கிழிந்தும் இருக்கும். கல்லுக்கு மேலே உள்ள அடுக்குகளோ போர்வை போர்த்தியது போல் அதன் மேல் ஏறி இறங்கும். கீழே உள்ளவை கல் விழுவதற்கு முன் படிந்தவை, மேலே உள்ளவை அதற்குப் பின் படிந்தவை. ஒரு நொடியில் நடந்த நிகழ்ச்சி அப்படியே பாறையில் நிற்கிறது. இப்படிப்பட்ட கல்லை ஆங்கிலத்தில் டிராப்ஸ்டோன் என்கிறார்கள். விழுகல் என்று சொன்னால் நமக்குப் போதும்.

சரி, மேலே மிதந்தது பனிக்கட்டிதான் என்று எப்படிச் சொல்வது? பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையைப் பெயர்த்து, அரைத்து, தன் அடிவயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு போகிறது. அது எதையும் சலிப்பதில்லை. பாறாங்கல்லும் மணலும் மாவுபோன்ற தூளும் எல்லாம் ஒன்றாகவே உறைந்து கிடக்கும். பனியாறு கடலையோ ஏரியையோ தொடும் இடத்தில் அதன் முனை உடைந்து மிதக்கத் தொடங்குகிறது. அதுதான் பனிப்பாறை. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். வெதுவெதுப்பான தண்ணீருக்கு வரும்போது அடிப்பக்கம் கரையும், சுமை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். சிலசமயம் எடை மாறித் தலைகீழாகக் கவிழும். அப்போது ஒரு குவியலே ஒரே இடத்தில் கொட்டும். பனியில் வந்த கல்லில் ஒரு பக்கம் தேய்த்துத் தட்டையாக்கியது போல் இருக்கலாம், இணையான கீறல்கள் ஓடலாம். மணல்துகளாக இருந்தாலும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சிப்பி வடிவத்தில் உடைந்த பரப்புகளும் கூரான விளிம்புகளும் தெரியும். ஆற்றிலும் அலையிலும் புரண்ட மணலுக்கு இந்தக் கூர்மை தங்காது.

மிதக்கும் பனி கல் சுமக்கும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதிதான். அண்டார்டிகாவை ஒட்டிய தென்கடலில், 61 டிகிரி அட்சரேகையில், பனிப்பாறைக்குள் உறைந்து மிதந்த ஒரு பெரிய கல்லைக் கப்பல்காரர்கள் பார்த்ததாக 1839-இல் டார்வின் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அவருடைய ஆசான் போன்ற சார்லஸ் லயெல், ஐரோப்பியச் சமவெளிகளில் சிதறிக் கிடக்கும் அயல் பாறைகளை எல்லாம் பனிப்பாறைகள்தான் கடல்வழியாகக் கொண்டுவந்தன என்று நினைத்தார். அதில் அவர் பெரும்பாலும் தவறிவிட்டார். நிலத்தின் மேலேயே பனி பரவி வந்து போட்டது என்று 1837-இல் லூயி அகாசி சொன்னதுதான் பின்னால் நிலைத்தது. ஆனாலும் லயெலின் கருத்து முழுக்க வீண் போகவில்லை. நிலத்துக்குப் பொருந்தாத அந்த விளக்கம் கடலடிக்கு அப்படியே பொருந்தியது. அதைக் கடலடியில் சோதித்துப் பார்க்க இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலிருந்து கல் விழுந்தாலே பனி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் மரத்தின் வேரில் கல் சிக்கியிருக்கும். பெரிய கடற்பாசிகள் தாங்கள் பற்றியிருந்த கல்லோடு பெயர்ந்து மிதந்து போகும். எரிமலை கல்லை வானில் வீசும். கடல்சிங்கம் போன்ற விலங்குகள் விழுங்கிய கற்கள் கூட ஆழ்கடலில் போய்ச் சேரும். அதனால் தனியாக ஒரு கல் கிடைத்தால் நல்ல ஆய்வாளர் அவசரப்படுவதில்லை. பல கற்கள், பல வகைப் பாறைகள், கீறல்கள், சுற்றியுள்ள வண்டலின் தன்மை எல்லாம் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

தால்சேரில் கைகாட்டின. 1875-இல் ஃபெடன் என்ற புவியியலாளர் இன்றைய மகாராஷ்டிராவின் சந்திரபூருக்கு அருகே இராய் என்ற இடத்தில் தான் பார்த்ததை அச்சிட்டார். அங்கே பழைய சுண்ணாம்புக்கல் தரையின் மேல் இதே பாறாங்கல் படிவு உட்கார்ந்திருந்தது. அடியில் இருந்த தரையோ மெருகேறி, நீளநீளமாகக் கீறப்பட்டிருந்தது. கல் பதித்த பனி அந்தத் தரையின் மேல் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. கீறல் எந்தத் திசையில் ஓடுகிறதோ பனியும் அதே திசையில்தான் போயிருக்கும்.

இதே காலத்துப் பனிப் படிவுகள் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அண்டார்டிகா எல்லாவற்றிலும் கிடைத்தபோது கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன என்ற வாதத்துக்குப் பெரிய பலம் வந்தது. வேகனர் 1910-களில் தன் கண்டப்பெயர்ச்சிக் கருத்தை முன்வைத்தபோது இந்தப் படிவுகளைத் தன் வலுவான சான்றுகளில் ஒன்றாகக் காட்டினார். இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பூமத்திய ரேகையின் இருபுறமும் பனி இருந்ததாகச் சொல்ல வேண்டியிருக்கும். கண்டங்களை ஒட்டவைத்துப் பார்த்தால் தென்துருவத்தைச் சுற்றி ஒரே பனிவிரிப்பு. இந்தியா அப்போது அந்த விளிம்பில் இருந்தது.

இந்தப் படிவு வெப்பநிலையை மட்டும் சொல்லவில்லை, நிலத்தின் தோற்றத்தையும் சொல்கிறது. தால்சேர் படிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் பனி நேரடியாகத் தரையில் கொட்டிவிட்டுப் போன குவியல். சில இடங்களில் மெல்லிய அடுக்குகளுக்குள் விழுகற்கள், அதாவது பனிக்கட்டி மிதந்த ஏரியோ கடலோ அங்கே இருந்திருக்கிறது. சத்தீஸ்கரில் ஹஸ்தேவ் ஆற்றங்கரையில் மனேந்திரகர் என்ற ஊர் இருக்கிறது. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே. அங்கே தால்சேர் பாறைகளோடு சேர்ந்தே கடல் சிப்பிகளின் படிமங்கள் கிடக்கின்றன. பனி உருகிக் கடல்மட்டம் ஏறியபோது, பனி செதுக்கி ஆழமாக்கிய தாழ்நிலங்களுக்குள் கடல் புகுந்திருக்கிறது. அப்புறம் கடலும் பின்வாங்கியது, சதுப்புக் காடுகள் வளர்ந்தன, அவை அழுகி அமுங்கி நிலக்கரியாயின. பிளான்ஃபோர்டு சகோதரர்கள் தேடிப் போன நிலக்கரி, பனி விட்டுப்போன நிலத்தின் மேல் முளைத்த காடுதான்.

நிலத்தோற்றத்தைக் காட்டுவதற்கு இன்னொரு அழகான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கிறது. வில்லாமெட் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் சுமார் 90 டன் எடையுள்ள பாறை. அந்த வட்டாரத்தில் அந்த வகைப் பாறையே கிடையாது. வடக்கே ராக்கி மலைப்பகுதியைச் சேர்ந்தது. பனி கண்டங்களை மூடியிருந்த கடைசிப் பனிக்காலத்தின் முடிவில், பனியே அணையாக நின்று தேக்கிய மசூலா என்ற ஏரி உடைந்து பெருவெள்ளம் பாய்ந்தபோது பனிக்கட்டியில் உறைந்தபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து வந்து, வெள்ளம் தேங்கிய இடத்தில் தரைதட்டியது. இப்படித் தரைதட்டிய கற்கள் எந்த உயரம் வரை கிடக்கின்றன என்று அளந்தால் வெள்ளம் எந்த உயரம் வரை நின்றது என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளத்தாக்கில் அது சுமார் 120 மீட்டர். கல் இங்கே ஒரு அளவுகோலாக நிற்கிறது.

இப்போது ஆழ்கடலுக்குப் போகலாம். காலநிலை வரலாற்றையே புரட்டிப்போட்ட கதை அங்கேதான் நடந்தது.

நடுக்கடலின் அடித்தளத்தில் வண்டல் மிக மெதுவாகப் படியும். ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர். படிவதில் பெரும்பகுதி நைசான களியும், மேலே மிதந்து வாழ்ந்து செத்து விழுந்த ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளும். காற்று கொண்டுவரும் தூசி அவ்வளவு தூரத்துக்கு மிக நைசாகத்தான் வந்து சேரும். ஆகவே கரையிலிருந்து வெகுதூரத்தில், சுற்றிலும் இருப்பதைவிட உயர்ந்து நிற்கும் ஒரு கடலடிக் குன்றின் மேல், 150 மைக்ரோமீட்டரைவிட (0.15 மில்லிமீட்டர்) பெரிய பாறைத்துகள் கிடைத்தால் அதைச் சுமந்து வந்தது மிதக்கும் பனியாகத்தான் இருக்க வேண்டும். பாறாங்கல் தேவையே இல்லை, மணல் போதும். கடலடியில் குழாயை இறக்கி வண்டலை உருளையாக எடுத்து, சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை வெட்டி, கழுவிச் சலித்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்து எண்ணுவார்கள். இத்தனை ஓடு, இத்தனை கல்துகள் என்று. பொறுமையைச் சோதிக்கும் வேலை. இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படி உட்கார்ந்து எண்ணியவர்களிடமிருந்துதான் வந்தன.

1977-இல் வில்லியம் ரடிமன் வட அட்லாண்டிக் முழுவதும் இந்த மணல் எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று வரைந்தார். ஏறக்குறைய 40 முதல் 55 டிகிரி வடக்கு வரை ஒரு பட்டை தெரிந்தது. கடைசிப் பனிக்காலத்தில் பனிப்பாறைகள் கரைந்து தீர்ந்த பகுதி அது. நம் காலத்திலும் பனிப்பாறை அவ்வளவு தெற்கே வருவது உண்டு. 1912-இல் டைட்டானிக் மோதியது ஏறத்தாழ 42 டிகிரியில்தான். ஆனால் இன்றைக்கு வருபவை எப்போதாவது வருபவை. அன்றைக்கு அவை கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றன.

1988-இல் ஹார்ட்முட் ஹைன்ரிக் என்ற ஜெர்மானியக் கடல் புவியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வடகிழக்கு அட்லாண்டிக்கில் டிரைசாக் என்ற கடலடிக் குன்றைச் சுற்றி எடுத்த வண்டல் உருளைகளில் அவர் எண்ணிப் பார்த்தபோது, கல்துகள்கள் சீராகப் பரவி இல்லை. பெரும்பகுதி நேரம் ஓடுகள்தான் அதிகம். திடீர் திடீரென்று சில அடுக்குகளில் ஓடுகள் கிட்டத்தட்டக் காணாமல் போய், கல்துகளே நிறைந்திருந்தது. மிஞ்சியிருந்த சில ஓடுகளும் நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்ற இனத்தின் இடப்பக்கம் சுருளும் வகை. துருவக் கடலில் வாழ்வது. அதாவது அந்த அடுக்குகள் படிந்த காலத்தில் மேற்பரப்பு நீர் உறைபனி போல் குளிர்ந்து, பனிப்பாறைகளால் நிறைந்திருந்தது.

கட்டுரை உடனே பெரிய கவனம் பெறவில்லை. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் லாமாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் புரோக்கரும் ஜெரார்டு பாண்டும் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்து, அட்லாண்டிக்கில் வேறு இடத்தில் துளையிட்டு எடுத்திருந்த உருளையைத் திரும்பப் பார்த்தார்கள். அதே அடுக்குகள் அங்கேயும் இருந்தன. 1992-இல் இவற்றுக்கு ஹைன்ரிக் நிகழ்வுகள் என்ற பெயர் நிலைத்தது. கடைசிப் பனிக்காலத்தில் முக்கியமாக ஆறு: முதலாவது சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன், ஆறாவது சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன். ஒவ்வொன்றும் சில நூறு ஆண்டுகளிலிருந்து ஆயிரம் சொச்சம் ஆண்டுகள் வரை நீடித்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, இந்தக் கல் எந்த ஊர்க் கல்? துப்பறியும் வேலை இங்கேதான் களைகட்டுகிறது. துகள்களில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் கணிசமாக இருந்தன. வட அட்லாண்டிக்கைச் சுற்றி, பனி பெரிய அளவில் அரைத்துக் கொண்டுவரக்கூடிய சுண்ணாம்புக்கல் தரை என்று தேடினால் கனடாவின் ஹட்சன் விரிகுடாவும் ஹட்சன் நீரிணையும் முன்னே வந்து நிற்கின்றன. ஹார்ன்பிளெண்டு என்ற கனிமத்தின் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே சேர்ந்திருந்த ஆர்கான் வாயுவை அளந்து வயது கண்டார்கள். பெரும்பாலானவை 170 முதல் 190 கோடி ஆண்டுப் பழமை. ஹட்சன் நீரிணையைச் சுற்றியுள்ள பழம்பாறைகளின் வயதோடு அது பொருந்தியது. ஈயத்தின் ஐசோடோப்புகளும், அதாவது எடை வேறுபட்ட ஈய அணு வகைகளும், அதையே சொன்னன. படிவின் தடிமனும் அங்கேயே கைகாட்டியது: நீரிணையின் வாய்க்கு அருகே தடிமனாகவும், கிழக்கே போகப்போக மெலிந்து சில சென்டிமீட்டராகவும் ஆகிறது. நீரிணையின் வாயிலிருந்து டிரைசாக் குன்றுக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணல்துகள் அவ்வளவு தூரம் பனியில் பயணம் செய்திருக்கிறது. ஆறு நிகழ்வுகளும் அச்சு அசலாக ஒன்று போல இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதிலும் ஆறாவதிலும் இந்த ஹட்சன் முத்திரை மங்கலாகத்தான் இருக்கிறது.

அப்போது வட அமெரிக்காவின் வடபாதியை லாரன்டைட் என்ற பனிவிரிப்பு மூடியிருந்தது. நடுவில் மூன்று கிலோமீட்டர் தடிமன் வரை. அதன் கிழக்கு வாய்க்கால் ஹட்சன் நீரிணை. அந்த வாய்க்கால் ஏன் அவ்வப்போது திறந்துகொண்டது? 1993-இல் டக்ளஸ் மக்கெயல் ஒரு விளக்கம் தந்தார். பனி தடித்துக்கொண்டே போகும்போது பூமியின் உள்வெப்பம் அடியில் சிறைப்படுகிறது. அதற்குமேல் போர்த்திய கம்பளி போலப் பனி. அடித்தளம் உருகுநிலையை எட்டியதும் அடியில் உள்ள சேறு வழுக்கும், பனி சரிந்து கடலுக்குள் ஓடும். மெலிந்தபின் மீண்டும் உறைந்து நிற்கும். அவர் கணக்கில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகள். வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் தேவையில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இதைவிடப் பின்னால் வந்த விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. ஹைன்ரிக் நிகழ்வுகள் ஏற்கெனவே வட அட்லாண்டிக் குளிர்ந்து கிடந்த கட்டங்களில்தான் வருகின்றன. பனிவிரிப்பு தன் போக்கில் சரிந்தது என்றால் இந்த ஒத்திசைவு ஏன்? மேற்பரப்பு குளிர்ந்து, ஆழ்நீர்ச் சுழற்சி தளரும்போது மேலே குளிர்ந்த நீரும் அதற்குக் கீழே ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான நீரும் தங்கிவிடும். அந்தக் கீழ்நீர் பனியின் முனையை அடியிலிருந்து அரித்து, தாங்கி நின்ற மிதக்கும் பனித்தட்டை உடைத்திருக்கலாம். ஆழ்கடல் ஃபோராமினிஃபெரா ஓடுகளில் அளந்த வெப்பநிலை இதற்கு ஆதரவாக இருக்கிறது. மேலே காற்று குளிர்ந்திருந்தும் பனி உடைந்தது எப்படி என்ற புதிருக்கும் இதில் விடை கிடைக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

பனிப்பாறைகள் கொட்டியது கல்லை மட்டுமா? நன்னீரையும்தான். உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது, மூழ்காது. வட அட்லாண்டிக்கில் நீர் குளிர்ந்து மூழ்குவதால்தான் தெற்கிலிருந்து வெப்பத்தை இழுத்து வரும் பெரிய சுழற்சி நடக்கிறது. மூழ்குவது நின்றால் சுழற்சி தளரும். 2004-இல் ஜெர்ரி மக்மானஸ் குழுவினர் பெர்முடா அருகே எடுத்த வண்டலில் புரோட்டாக்டினியம், தோரியம் என்ற இரு தனிமங்களின் விகிதத்தை அளந்து, சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றே போயிருந்தது என்று காட்டினார்கள். முதலாம் ஹைன்ரிக் நிகழ்வின் காலம் அது.

இங்கேதான் கதை நம் மழைக்கு வருகிறது. வட அரைக்கோளம் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும், தென்மேற்குப் பருவமழை மெலியும். பாகிஸ்தான் கரைக்கு அப்பால் அரபிக்கடலின் வண்டலை ஆராய்ந்து 1998-இல் ஷுல்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. பருவக்காற்று வலுவாக வீசினால் கடலின் அடியிலிருந்து சத்துள்ள நீர் மேலெழும், உயிர்கள் பெருகும், வண்டல் கருத்து அடுக்கடுக்காகப் படியும். ஹைன்ரிக் காலங்களில் அங்கே படிந்தது வெளிறிய, உயிர்ச்சத்து குறைந்த வண்டல். சீனாவின் ஹூலு குகையில் சொட்டுநீரில் வளர்ந்த சுண்ணாம்புக் கூம்புகளும் 2001-இல் இதையே சொன்னன. முதலாம் நிகழ்வின்போது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியே வறண்டு போனது. கனடாவில் உடைந்த பனிக்கும் இந்தியாவின் மழைக்கும் தொடர்பு என்று யாராவது வெறும் வாயால் சொன்னால் நம்புவது கடினம். கடலடி மணலையும் அரபிக்கடல் வண்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுப்பதுதான் கடினம்.

ஹென்றி பிளான்ஃபோர்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தால்சேருக்குப் பின் அவர் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கடல் படிமப் பாறைகளை ஆராய்ந்து வரைபடமாக்கினார். அப்புறம் துறை மாறி, 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரானார். இமயமலையில் பனி அதிகம் பெய்த ஆண்டுகளில் பருவமழை குறைகிறது என்று கவனித்து, 1880-களில் அதை வைத்து மழை முன்னறிவிப்பு தந்தார். ஒடிசாவின் பழம்பனியைக் கண்டவரே பனிக்கும் மழைக்கும் உள்ள கயிற்றையும் பிடித்திருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் விழுகற்கள் சொல்லும் தேதிகள் மலைக்க வைக்கும். தென் இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன் பீடபூமியில் சுமார் 3.4 கோடி ஆண்டுப் பழமையான வண்டலில் பனி கொண்டுவந்த மணல் கிடைத்தது. அண்டார்டிகாவில் பெரும் பனிவிரிப்பு உருவான தொடக்கத்துக்கு அது நேரடிச் சான்று. 2004-இல் வடதுருவத்துக்கு அருகே லோமனோசோவ் முகட்டில் பனியுடைப்புக் கப்பல்களின் காவலோடு துளையிட்டபோது, சுமார் 4.5 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கிலேயே கூழாங்கற்கள் வந்தன. ஆர்க்டிக் பனியின் வரலாற்றை அது வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியது. 60, 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி முழுவதும் உறைந்தது என்ற கருத்துக்கு, அன்று பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்த நிலங்களின் பனிப் படிவுகள்தான் அடிப்படை. அதே படிவுகளில் உள்ள விழுகற்களை வைத்து மறுதரப்பும் வாதிடுகிறது: பனிப்பாறை மிதந்து போய்க் கல்லைப் போட வேண்டுமானால் திறந்த நீர் எங்கோ இருந்திருக்க வேண்டுமே என்று.

இந்தச் சான்றைப் படிக்கும்போது வழுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. மணல் அதிகம் என்றால் குளிர் அதிகம் என்று எடுத்துக்கொள்வது. பனிப்பாறையில் கல் இருப்பது பெரும்பாலும் அடியில் உள்ள சில மீட்டர்களில் மட்டும். மேலே சுத்தமான பனி. அந்த அடிப்பகுதி கரையோரத்திலேயே கரைந்துவிட்டால் ஆயிரம் பனிப்பாறைகள் கடந்து போனாலும் நடுக்கடலில் ஒரு துகளும் விழாது. மணல் அதிகரிப்பது பனி வளர்வதையும் குறிக்கலாம், பனி உடைந்து அழிவதையும் குறிக்கலாம். கடற்பனி, அதாவது கடல்நீரே உறைந்து உருவாவது, பெரும்பாலும் நைசான துகளைத்தான் சுமக்கும். அதையும் பனிப்பாறையின் சரக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளிலும் ஏறத்தாழ 1,500 ஆண்டுக்கு ஒருமுறை வட அட்லாண்டிக்கில் பனி மணல் கூடுகிறது என்று 1997-இல் பாண்டு சொன்னது மிகவும் புகழ்பெற்றது. அந்தச் சீரான தாளம் உண்மையில் இருக்கிறதா என்பதில் பின்னால் வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

அண்மைக்காலத்தில் இதே எண்ணும் வேலையைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். தென்கிழக்கு கிரீன்லாந்தில் ஹெல்ஹைம் என்ற பனியாறு செர்மிலிக் என்ற குறுகிய கடல்நுழைவில் வந்து உடைகிறது. அந்தக் கடல்நுழைவின் அடித்தளத்தில் எடுத்த வண்டல் உருளைகளில் ஆண்டுதோறும் விழுந்த மணலைக் கணக்கிட்டு, செயற்கைக்கோள்கள் இல்லாத காலத்தையும் சேர்த்து 120 ஆண்டு வரலாற்றை 2012-இல் வெளியிட்டார்கள். மணல் இரண்டு இடங்களில் உச்சத்துக்குப் போகிறது. ஒன்று 2000-களின் முதல் சில ஆண்டுகள், மற்றொன்று 1930-களின் இறுதி. இரண்டு தடவையும் அந்தக் கரைக்கு அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் அதிகமாக வந்திருந்தது, துருவத்திலிருந்து வரும் குளிர்நீர் குறைந்திருந்தது.